விரதம் முடிந்த மறுநாள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பையனாவது போதையில் விழுந்துவிட்டான் என்று தெரியவந்தால், இரண்டு மூன்று நாளில் எனக்குப் போன் வந்துவிடும். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆனால் என் தம்பி ஒரு காலத்தில் எந்த நிலையில் கிடந்தான் என்பது ஊருக்கே தெரியும், இன்றைக்கு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான் என்பதும் தெரியும். அதனால் கேட்கிறார்கள். "எங்கக்கா கொண்டு போனீங்க, எவ்வளவு செலவாச்சு, எத்தன நாள்ல சரியாச்சு?" கேள்விகள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் வரும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிட்டால் இனி இதையே அனுப்பிவிடலாம். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, பேர மட்டும் போடாத" என்றான்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹெரோயின் மாதிரி சரக்கு என்றால் உடம்பை விட்டு இறங்க ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். எங்கள் வீட்டில் அதைப் பலமுறை பார்த்தாயிற்று. நிறுத்த முடியாத ஆளில்லை அவன், ஒவ்வொரு தடவையும் நிறுத்தினான். வில்லங்கமெல்லாம் அதற்கு அடுத்த வாரம்தான். ஆனால் நம் வீடுகளில் இருக்கிற காசு, கண்ணீர், வேண்டுதல் எல்லாவற்றையும் அந்த முதல் பத்து நாளிலேயே கொட்டிவிடுகிறோம். இதுதான் நான் சொல்ல வந்தது, மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் ஆட்களுக்கு இது புரியவேண்டுமென்றால் தைப்பூசத்தை நினைத்துப் பார்த்தால் போதும். கஞ்சா, சியாபு என்கிற மெத்தாம்பெட்டமின், சம்சு என்கிற மலிவுச் சாராயம் என்று எதையும் விட்டுவைக்காத பையன்கள் காவடிக்கு விரதம் எடுத்ததும் அப்படியே மாறிவிடுவார்கள். 48 நாள், சைவச் சாப்பாடு, வெறும் பாய், விடியற்காலைக் குளியல். பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் காவடியை இறக்கும்போது பார்த்தால் கண்ணில் தெளிச்சம், முகத்தில் களை. "முருகன் என் புள்ளைய திருப்பிக் குடுத்துட்டாரு" என்று அம்மாக்கள் அழுவார்கள். மாசி பிறப்பதற்குள் பழைய மூலையில் பழைய கூட்டத்தோடு நிற்பான். விரதத்தைக் குறை சொல்லவில்லை நான். விரத நாளில் அவனுக்கு எழுந்திருக்க ஒரு நேரம் இருந்தது, போக ஓர் இடம் இருந்தது, கூடவே விரதம் இருந்த பத்துப் பேர் இருந்தார்கள், வயதில் பெரியவர்கள்கூட மரியாதையாகப் பேசினார்கள். விரதம் முடிந்த மறுநாள் இதில் ஒன்றுகூட இல்லை. சரக்கு விற்கிறவன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறான்.

சரி, இது எப்படி ஆரம்பிக்கிறது? கேட்டால் எல்லாரும் "கூட்டாளி சரியில்ல" என்பார்கள். அவன் வீட்டில் கேட்டால் நம் பையனைச் சொல்வார்கள், அது வேறு கதை. என் தம்பி பத்தொன்பது வயதில் லோரியில் கெலிண்டானாகப் போனான். செம்பனைக் குலை ஏற்றுகிற வேலை. ஒரு குலை சுலபமாக இருபது கிலோ இருக்கும், முள்ளு வேறு, மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். நாள் முழுக்கத் தூக்கிவிட்டு வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்காருவான். அப்படி ஒரு சாயங்காலம் லோரிக்கார அண்ணன் ஒருவர் ஈயத்தாளில் கொஞ்சம் தூள் வைத்து, அடியில் நெருப்புக் காட்டி, புகையை இழுக்கக் கொடுத்திருக்கிறார். "உடம்புல வலின்னு ஒன்னு இருந்ததே மறந்து போச்சுக்கா" என்று பிற்பாடு ஒருநாள் சொன்னான். அவனுக்கு அது ஜாலி இல்லை, மருந்து. முதல் தடவை இலவசம், இரண்டாம் தடவையும் இலவசம்.

ஹெரோயின் செய்வது இதுதான். வலியைத் தணிக்க நம் உடம்பே சுரக்கிற பொருள் ஒன்று உண்டு. அது போய் உட்காருகிற இடத்தில் இந்தத் தூள் போய் உட்கார்ந்துகொண்டு, அதைவிடப் பல மடங்கு பலமாக வேலை செய்கிறது. கூடவே மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் பெருக்கெடுக்கிறது. "இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோ, திரும்பச் செய்" என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வழி அது. சோறு, நீர், பிள்ளை முகம், எல்லாம் அந்த வழியாகத்தான் நமக்குப் பிடித்துப்போகிறது. போதைப்பொருள் அந்த வழியை அப்படியே அடைத்துக்கொள்கிறது. அப்புறம் ஈயத்தாளைப் பார்த்தாலும் சரி, அந்த லோரியின் ஹார்ன் சத்தம் கேட்டாலும் சரி, யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு எழுந்துவிடும்.

அதே நேரம் உடம்பு சும்மா இருக்காது. தூள் நரம்பை மந்தப்படுத்துகிறது என்பதால், அதை ஈடுகட்டத் தன் பங்குக்கு நரம்பை முடுக்கிவிடுகிறது. அதனால்தான் நேற்றுப் போட்ட அளவு இன்றைக்குப் பற்றாது. சில மாதத்தில் சந்தோஷத்துக்காக இழுத்த காலம் போய், மற்றவர்களைப் போல எழுந்து பல் விளக்கி வேலைக்குப் போவதற்கே இழுக்கவேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் நகை காணாமல் போகும், கேஸ் தோம்பு (சிலிண்டர்) காணாமல் போகும், அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கும். எங்கள் வீட்டில் தையல் மெஷின்.

எல்லாரும்தான் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள், எல்லாரும் மாட்டுவதில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். இதில் ஏறக்குறைய பாதி பரம்பரை வாகு என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். மீதி வயது, வீடு, வேலை, கையருகில் சரக்கு கிடைப்பது. பின்விளைவை யோசித்து நிறுத்துகிற மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது, அதனால் பதினாறு வயதில் தொடங்குகிறவன் முப்பதில் தொடங்குகிறவனைவிட மோசமாக மாட்டுவான். எங்கள் தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடையில் படுத்து எழுந்தவர், அப்பாவுக்குச் சம்சு. அதையெல்லாம் யாரும் போதைப் பழக்கம் என்று சொன்னதில்லை. "வேலை களைப்பு" என்பார்கள்.

வீட்டில் வைத்து நிறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் முயன்று பார்ப்பார்கள். ஹெரோயின் கடைசியாகப் போட்டு எட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். முதலில் கொட்டாவி. தூக்கமே வராது, ஆனால் கொட்டாவி மட்டும் நிற்காமல் வரும், கூடவே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அப்புறம் உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, உரித்த கோழி போல் தோல் புள்ளி புள்ளியாக நிற்கும். குளிருது என்று போர்வையை இழுப்பான், இழுத்த கையோடு வேர்த்துக்கொட்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் கடைகிற வலி, கால்கள் தானாக உதைத்துக்கொள்ளும். மருந்து மந்தப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் கட்டு அவிழ்ந்து ஓடுகிறது, அதனால்தான் போதையில் இருந்ததற்கு நேர் எதிராக எல்லாம் நடக்கிறது. இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். எங்கள் அம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீரும் இளநீரும் கரண்டி கரண்டியாக ஊற்றுவார். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "மா, ஒரே ஒரு தடவ மா, இதான் கடைசி" என்பான். திட்டுவான். அப்புறம் அழுவான். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து பசிக்குது என்பான். அம்மா உடனே கோவிலுக்கு ஓடுவார்.

ஹெரோயின் நிறுத்தும்போது படுகிற பாடு நரகம்தான், ஆனால் நல்ல திடகாத்திரமான ஆளை அது கொல்வது அபூர்வம், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால். குடி அப்படி இல்லை. இதை முதலில் எழுதியிருக்கவேண்டும். வருஷக்கணக்கில் தினமும் சம்சு குடித்த ஆளை அறைக்குள் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதே கதைதான்.

எங்கள் பெரியப்பா ஒருவர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி கல்யாணத்துக்குள் குடியை நிறுத்தவேண்டும் என்று பிள்ளைகள் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். முதல் நாள் கை நடுக்கம். இரண்டாம் நாள் தூக்கமே இல்லை, சட்டை நனைகிற வியர்வை. மூன்றாம் நாள் இரவு போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார், எறும்பு என்றார். அப்புறம் எழுந்து நின்று பெரட்டு (காலை ஆள் கணக்கு) எடுக்க ஆரம்பித்துவிட்டார். செத்துப்போன ஆட்கள் பேரையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு, யார் எந்த நிரைக்குப் போகவேண்டும் என்று சொன்னார். ஒரு பேர்கூட விடவில்லை. யாரோ செய்வினை என்றார்கள், பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தார். குடியை நிறுத்தி ஆறிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் இந்தப் பிதற்றலும் வரும், கவனிக்காவிட்டால் ஆள் போய்விடுவார் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நரம்பை அடக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, வைட்டமின் பி1 ஊசி போட்டுச் செய்தால் பயமில்லை. நடுக்கம் வருகிற அளவுக்குக் குடிப்பவரைத் தயவுசெய்து வீட்டில் பூட்டாதீர்கள்.

அப்புறம் இன்னொரு ஆபத்து, இதை யாரும் யோசிப்பதில்லை. நிறுத்திச் சில வாரம் ஆனபின் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆனால் மூளை பழைய அளவைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். வெளியே வந்த வேகத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் ஹெரோயின் சாவு அதிகம், உலகம் முழுக்க இப்படித்தான். எங்கள் தாமானில் ஒரு பையன் மையத்திலிருந்து திரும்பி வந்து, வீட்டில் கிடா வெட்டி விருந்து வைத்து, அந்த மாதமே பொதுக் கழிப்பறையில் கிடந்தான். "நல்லாத்தானே வந்தான்" என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லா வந்ததுதான் ஆபத்து என்று அந்த வீட்டில் யார் போய்ச் சொல்வது?

நம் நாட்டில் நீண்ட காலம் ஆளைப் பிடித்து அடைப்பதையே சிகிச்சை என்று வைத்திருந்தோம். 1983இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தார்கள், அதே ஆண்டுச் சட்டத்தின்படி சிறுநீர் சோதனையில் மாட்டி, அடிமைதான் என்று உறுதியானால் இரண்டு வருஷம் மையத்தில், அப்புறம் இரண்டு வருஷம் கண்காணிப்பில் வைத்தார்கள். என் தம்பியும் ஒரு தடவை போய்விட்டு வந்தான். காலையில் அணிவகுப்பு, உடற்பயிற்சி, தச்சு வேலை. உடம்பு தேறி, கன்னம் உப்பி வந்தான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இது அவன் ஒருவன் கதை என்றுதான் நினைத்திருந்தேன். 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் மலேசியாவிலேயே செய்த ஆய்வு ஒன்று வந்தது. கட்டாயமாக அடைத்து வைத்து வெளியே விட்டவர்களையும், தானாக வந்து மெத்தடோன் என்கிற மாற்று மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அடைத்து வைத்தவர்களில் பாதிப் பேர் வெளியே வந்த 31 நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். மற்றக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த நிலைக்கு வர 352 நாள் ஆனது. 31 நாள் என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு ஏதோ எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

மெத்தடோன் இந்த நாட்டுக்கு வந்தது 2005இல். அப்போது எச்ஐவி தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஊசி போடுகிறவர்கள், ஒரே ஊசியைப் பலர் மாற்றிக்கொண்டதால் வந்தது. அடுத்த ஆண்டு ஊசி மாற்றித் தருகிற திட்டமும் வந்தது. பள்ளிவாசலிலும் கோவிலிலும் எதிர்ப்பு இருந்தது, எனக்கே அப்போது "இது என்ன கூத்து" என்றுதான் பட்டது. மெத்தடோனும் ஹெரோயின் குடும்பத்து மருந்துதான், ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சரியான அளவு குடித்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். போதை தலைக்கு ஏறாது, வேதனையும் வராது. முதலில் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் அதுவே மூச்சை நிறுத்திவிடும்.

காலையில் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கவுண்டர் முன்னால் நின்று பாருங்கள். தோட்டத்து பூட்ஸோடு வருகிறவர், செக்யூரிட்டி யூனிபார்மில் வருகிறவர், பிள்ளையை முன்னால் உட்காரவைத்து மோட்டாரில் வருகிறவர். பேர் சொன்னதும் பார்மசிக்காரர் அளந்து சின்னக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார். அவர் கண்ணெதிரே குடிக்கவேண்டும். அப்புறம் அதே குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கவேண்டும், வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய் விற்றுவிடக்கூடாது என்பதற்காக இரண்டு வார்த்தை பேசவும் வைப்பார். என் தம்பி எப்போதும் "தெரிமா காசே, பொஸ்" (நன்றி, முதலாளி) என்பான். ஒழுங்காக வந்து, சிறுநீர் சோதனையும் சுத்தமாக இருந்தால், நாளாக ஆக வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வருகிற மெத்தடோனைப் பூட்டி வையுங்கள். பெரியவருக்கு மருந்து, குழந்தை ஒரு மிடறு குடித்தால் செத்தே போகலாம். அதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்த்தாலும் அப்படித்தான்.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதை, இது என்ன குணமா?" எங்கள் சித்தப்பா இன்றுவரை கேட்கிறார். சித்தப்பாவுக்குச் சர்க்கரை, அவர் தினமும் இன்சுலின் போடுகிறார். நான் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை, மரியாதைக்கு. மெத்தடோன் வேண்டாமென்றால் புப்ரினார்பின் என்று நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது, சில தனியார் கிளினிக்கில் கொடுக்கிறார்கள், செலவு கூட. எவ்வளவு நாள் எடுக்கவேண்டும் என்றால், வருஷக்கணக்கில். சிலர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள், சிலருக்குக் கடைசிவரை. என் தம்பி இன்னும் எடுக்கிறான், குறைந்த அளவு. ஆள் நன்றாக இருக்கும்போது "எப்ப நிறுத்தப் போற" என்று நச்சரிக்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கக் கொடுங்கள்.

இப்போதைய பையன்களுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் இப்போது ஊரில் ஓடுவது சியாபு. லோரி டிரைவருக்கு டிரிப் கணக்கில் சம்பளம், ராத்திரி கண் விழித்தால் கூடுதலாக ஒரு நடை. முழித்திருக்கத்தான் ஆரம்பிக்கிறார்கள். சியாபுவுக்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து எதுவும் கிடையாது. நிறுத்தினால் ஹெரோயின் போல் உருளமாட்டான், தூங்குவான். நாள் கணக்கில் தூங்குவான், எழுந்தால் பானைச் சோறும் தின்பான். வீட்டில் "பரவால்லயே, சுலபமா விட்டுட்டான்" என்று நினைப்பார்கள். அதற்கப்புறம்தான் வெறுமை வரும். எதிலும் ருசியில்லை, சிரிப்பில்லை, பிள்ளை ஓடி வந்தாலும் சுவரைப் பார்ப்பான். அளவுக்கு மீறி வெட்டின ரப்பர் பால்மரத்தைப் பார்த்திருப்பீர்கள், பட்டையில் கத்தி வைத்தாலும் பால் வராது. மரம் செத்துவிடவில்லை, ஓய்வு கொடுத்தால் பால் திரும்பும், ஆனால் எத்தனை மாதம் என்று மண்டோராலும் சொல்லமுடியாது. டோபமைன் கதையும் அப்படித்தான். இந்த மாதங்களில்தான் சில பையன்கள் தூக்கு மாட்டிக்கொள்கிறார்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சியாபு அதிகமாகிப் போனால் காதில் குரல் கேட்கும், பெண்டாட்டி மேல் சந்தேகம் வரும், கதவிடுக்கில் யாரோ பார்க்கிறார்கள் என்று துணி அடைப்பான். அப்போதும் நம் ஆட்கள் பேய், பில்லி என்றுதான் ஓடுவார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நமக்குக் கேலிப் பேச்சு, "உன்ன அங்கதான் அனுப்பனும்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சு எத்தனை பேரை மனநல டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கும்! பெரும்பாலோருக்குச் சரக்கை நிறுத்திச் சில நாளில், சில வாரத்தில் குரல் அடங்கிவிடும், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் மருந்து. சியாபுவுக்கு இப்போதைக்கு உள்ள நல்ல சிகிச்சை பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரைப் பார்த்தால் ஆசை கிளம்புகிறது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று பழக்குவது. சுத்தமான சிறுநீர் சோதனைக்குச் சின்னச் சின்னப் பரிசு கொடுக்கும் முறையும் வெளிநாடுகளில் நன்றாகப் பலன் தருகிறது. கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் சியாபுவுக்கு அதைவிடப் பலமான முறையை இன்னும் யாரும் காட்டவில்லை.

தனியார் மறுவாழ்வு இல்லங்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல இடங்கள் இருக்கின்றன, தான் மீண்டு வந்து மற்றவர்களைத் தூக்கிவிடுகிறவர்கள் நடத்துகிற இடங்கள். நாங்கள் போன ஓர் இடம் அப்படி இல்லை. மாதாமாதம் காசு கட்டினோம், போனில் பேசவிடவில்லை, பார்க்கப் போனால் "இப்ப பாத்தா மனசு கலைஞ்சிடும்" என்றார்கள். திரும்பி வந்தபோது முதுகில் ரோத்தான் (பிரம்பு) தடம். அதனால் சேர்க்கும் முன் நேரே கேளுங்கள்: எந்த டாக்டர் வருகிறார், என்ன மருந்து, குடும்பம் எப்போது பார்க்கலாம், எச்ஐவி அல்லது காசநோய் மருந்து எடுப்பவன் தொடர்ந்து எடுக்கலாமா, வெளியே வந்தபின் யார் தொடர்ந்து பார்ப்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள். "21 நாளில் பூரண குணம்" என்று எழுதி ஒட்டியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் போல ஹெரோயினுக்கு அடிமையானார்கள். ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசாங்கம் பயந்து, லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரைக் கணக்கெடுக்கச் சொன்னது. திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான். அந்தக் காடு இல்லை, அந்த நண்பர்கள் இல்லை, கடைக்காரன் இல்லை. நம் பையன்களுக்குத் திரும்பி வர வேறு ஊர் கிடையாது, இதே ஊர்தான். அதனால் ஊருக்குள்ளேயே எதை மாற்றமுடியுமோ அதை மாற்றவேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் மாற்றியவை சில்லறை விஷயங்கள். போன் நம்பரை மாற்றினான். லோரி வேலையை விட்டான். பட்டறைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) விஷயத்தை முன்கூட்டியே சொல்லி, சம்பளத்தை நேராக அவன் பெண்டாட்டியிடம் கொடுக்க ஏற்பாடு. இது அவனே சொன்ன யோசனை, நாங்கள் திணித்திருந்தால் ஒரு மாதத்தில் சண்டை வந்திருக்கும். சம்பள நாள்தான் அவனுக்குப் பெரிய கண்டம். வேலைக்குப் போகும் வழியை மாற்றினான், பழைய ரப்பர் ஸ்டோர் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணிவரை என்ன செய்வது என்பதுதான் தலைவலியாக இருந்தது. கோவில் உறுமி மேளக் குழுவில் சேரச் சொன்னேன், "அங்கதான்கா பாதிப் பேரு இருக்கானுங்க" என்று சிரித்தான். பிறகு கொட்டகையில் பழைய கப்சாய் மோட்டார்களை வாங்கிப் பிரித்துப் பூட்ட ஆரம்பித்தான், வீடெல்லாம் கருப்பு எண்ணெய்.

நாங்கள் நிறுத்தியதும் ஒன்று உண்டு. அம்மா அவன் சட்டையை மோந்து பார்ப்பார், பாக்கெட்டைத் துழாவுவார், குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவார். பாவம், தையல் மெஷினை இழந்தவர். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சந்தேகிக்கப்படுகிற வீட்டில் ஒருவன் எதற்காகச் சுத்தமாக இருக்கவேண்டும்? சோதனையைக் கிளினிக்குக்கு விட்டுவிட்டோம், வீட்டில் சோறு மட்டும் போடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். அம்மாவுக்கு இது பழக நாளானது.

நடுவில் அவன் சறுக்கினான், மறைக்கவில்லை. சிகிச்சை எடுத்தவர்களில் நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது பேர் சறுக்குகிறார்கள் என்று அமெரிக்கத் தேசிய நிறுவனம் ஒன்று கணக்குச் சொல்கிறது, சிகிச்சை எடுத்தும் இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் மறுபடி தலைதூக்குகிறவர்கள் கணக்கும் ஏறக்குறைய அதேதான். சறுக்கிய அன்று கத்தாமல் மறுநாள் காலை கிளினிக்கில் கொண்டு போய் நிறுத்தினால் அது ஒரு நாள் கதை. வீட்டை விட்டுத் துரத்தினால் ஒரு வருஷக் கதை.

மற்ற இரண்டு கேள்விகள் பாக்கி. எங்கே என்றால், முதலில் பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக். எல்லாக் கிளினிக்கிலும் மெத்தடோன் இருக்காது, இல்லாவிட்டால் எங்கே என்று அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் 2010இல் தொடங்கிய கியூர் அண்ட் கேர் கிளினிக்குகள் போன்ற இடங்களுக்கும் தானாகப் போகலாம். போலீஸ் பிடிக்குமா என்று பயப்படுகிறார்கள், தானாக முன்வந்து சிகிச்சை கேட்க அந்த 1983 சட்டத்திலேயே வழி இருக்கிறது, பிடிபட்ட பிறகு போவதைவிட முன்னால் போவதே நல்லது. செலவு, குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஐ.சி. (அடையாள அட்டை) மறக்காதீர்கள், காலையிலேயே போங்கள், போதை ஏறிய நிலையில் போனால் அன்றைக்கு மெத்தடோன் தொடங்கமாட்டார்கள். கூடவே சாராயம், தூக்க மாத்திரை, வேறு என்னவெல்லாம் போடுகிறான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டான் என்றால் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காருங்கள். மருந்து கொடுக்கிற நேரம் கிளினிக்குக்குக் கிளினிக் மாறும், வேலைக்குப் போகிற ஆள் என்றால் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் தவுக்கே அதற்காகவே அவனை அரை மணி நேரம் தாமதமாக வரவிடுகிறார்.